முச்சக்கர வண்டியும் கையடக்கத் தொலைபேசியும்: நகரப் போக்குவரத்தில் உள்ளூர் முயற்சியாளர்கள்

மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இரவுப் பயணம் செய்து அதிகாலையில் கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் ஒருவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அவர் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நோயாளியாக இருக்கலாம். வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வந்த இளைஞராக இருக்கலாம். கைக்குழந்தையுடன் உறவினர் வீட்டைத் தேடி வந்த பெண்ணாகவும் இருக்கலாம். நிலையத்தின் வாயிலைத் தாண்டியதும் அவரை எதிர்நோக்கிய முதற் பரீட்சை, முச்சக்கர வண்டிச் சாரதியுடன் பேரம் பேசுவதாகும். இடம் தெரியாது, தூரம் தெரியாது, சிங்களமும் சரளமாக வராது என்றால் சாரதி சொல்வதே கட்டணம் என்ற நிலையே நீண்ட காலமாக இருந்து வந்தது.

கடந்த 10 ஆண்டுகளில் இந்த நிலையில் கணிசமான மாற்றம் ஏற்பட்டுள்ளது. அம்மாற்றத்தை அரசாங்கத்தின் பாரிய திட்டங்களோ வெளிநாட்டுக் கடனுதவிகளோ கொண்டுவரவில்லை. உள்ளூர் முயற்சியாளர்கள் சிலர், ஏற்கனவே வீதியில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் ஏற்கனவே மக்களின் கைகளில் இருந்த தொலைபேசிகளையும் இணைத்ததன் மூலமே அது சாத்தியமாயிற்று. இந்த இணைப்பு எவ்வாறு செயற்படுகின்றது, அதனால் பயனடைவோர் யார், அதன் சுமையைத் தாங்குவோர் யார் என்பன ஆராயப்பட வேண்டிய விடயங்களாகும்.

தனியார் முயற்சியின் பழைய வரலாறு

இலங்கையின் நகரப் போக்குவரத்தில் தனியார் முயற்சி புதியதொன்றல்ல. 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்படும் வரை நாடெங்கிலும் பஸ்களை ஓட்டியவை தனியார் கம்பனிகளே. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ஏகபோகம் சுமார் 20 ஆண்டுகள் நீடித்தது. 1979 ஆம் ஆண்டில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. எனினும் இம்முறை பெரிய கம்பனிகள் உருவாகவில்லை. ஒரு பஸ், ஒரு வழித்தட அனுமதிப்பத்திரம், ஒரு முதலாளி என்ற சிதறிய அமைப்பே உருவானது. பயணிகளுக்காக ஒன்றுடனொன்று போட்டியிட்டு ஓடுவதும், ஆள் சேரும் வரை தரிப்பிடத்தில் காத்து நிற்பதும் அந்த அமைப்பின் இயல்பான விளைவுகளாகும்.

பஸ் சென்றடையாத ஒழுங்கைகளையும், பஸ் ஓடாத நேரங்களையும் நிரப்பியது முச்சக்கர வண்டியே. 1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட இவ்வண்டிகள், இன்று பதிவேட்டின்படி 11 இலட்சத்தைத் தாண்டியுள்ளன. நாட்டின் சனத்தொகை 2 கோடி 17 இலட்சம் எனக் கொண்டால் ஏறத்தாழ 20 பேருக்கு ஒரு முச்சக்கர வண்டி என்ற கணக்கு வருகின்றது. இவற்றில் எல்லாமே வாடகைக்கு ஓடுபவை அல்ல. எல்லாமே இன்று பாவனையில் உள்ளவையும் அல்ல. ஆயினும் வேறு தொழில் கிடைக்காத பல இலட்சம் குடும்பங்களுக்கு இந்த வண்டியே சோறு போடுகின்றது என்பதை எவரும் மறுக்க முடியாது.

மறுபுறத்தில், நகரப் போக்குவரத்துக்கென வகுக்கப்பட்ட பாரிய திட்டங்கள் பல ஏட்டளவிலேயே நின்றுவிட்டன. மாலபேயையும் கொழும்பு கோட்டையையும் இணைப்பதற்கு ஜப்பானின் கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட இலகு ரயில் சேவை 2020 ஆம் ஆண்டில் இரத்துச் செய்யப்பட்டமை இதற்குத் தக்க உதாரணமாகும். பெருந்திட்டம் கைகூடாத இடத்தில் சிறு முயற்சி நுழைந்தது.

செயலி செய்த காரியம் என்ன?

ஜிஃப்ரி சுல்பர் என்ற உள்ளூர் முயற்சியாளரின் தலைமையில் உருவான பிக்மீ நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் கொழும்பில் தனது சேவையை ஆரம்பித்தது. அதே ஆண்டின் இறுதியில் உலகளாவிய நிறுவனமான ஊபரும் கொழும்புக்கு வந்தது. பெரும் மூலதனத்துடன் வந்த அந்நிய நிறுவனத்தின் முன்னால் உள்ளூர் நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகம் அன்று பலருக்கும் இருந்தது. ஆனால் இந்நாட்டு மக்கள் அன்றாடம் ஏறுவது கார்களில் அல்ல, முச்சக்கர வண்டிகளிலேயே என்ற எளிய உண்மையை உள்ளூர் முயற்சியாளர்கள் நன்கு அறிந்திருந்தனர். முச்சக்கர வண்டியைத் தமது சேவையின் அச்சாணியாக்கியதே அவர்களது பலமாயிற்று. அந்நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குப் பங்குகளை வழங்கிக் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

இத்தகைய செயலிகளின் செயன்முறை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. சாரதியின் தொலைபேசி, செய்மதிகளின் துணையுடன் தான் நிற்கும் இடத்தைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை நிறுவனத்தின் கணினிக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். பயணி தான் நிற்கும் இடத்தையும் செல்ல வேண்டிய இடத்தையும் குறித்ததும், அவரை விரைவில் வந்தடையக்கூடிய சாரதி யார் என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கின்றது. புகையிரதப் பாதைக்கு அப்பால் 200 மீற்றரில் நிற்கும் வண்டியைவிட, அதே வீதியில் 800 மீற்றரில் நிற்கும் வண்டி முன்னதாக வந்து சேரக்கூடும் என்பதால், நேர்கோட்டுத் தூரத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்ய முடியாது. வீதியமைப்பும் நெரிசலும் கணக்கிலெடுக்கப்படுகின்றன. ஆரம்பக் கட்டணம், கிலோமீற்றருக்கான கட்டணம், செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டி, வண்டியில் ஏறுவதற்கு முன்னரே உத்தேசத் தொகை காட்டப்படுகின்றது. சாரதியின் பெயரும் வண்டி இலக்கமும் பயணியின் கைக்கு வந்து சேருகின்றன.

இதன் பொருளாதார அடிப்படை, வெறுமையாக ஓடும் தூரத்தைக் குறைப்பதாகும். உதாரணமாக, தரிப்பிடத்தில் நிற்கும் சாரதி ஒருவர் 6 கிலோமீற்றர் தூரத்துக்குப் பயணியை ஏற்றிச் செல்கின்றார் எனக் கொள்வோம். திரும்பி வரும்போது வண்டி வெறுமையாகவே வரும். எனவே 12 கிலோமீற்றருக்கான எரிபொருளையும் நேரத்தையும் 6 கிலோமீற்றர் பயணித்தவரிடமிருந்தே அவர் அறவிட வேண்டியுள்ளது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள் அடுத்த பயணி கிடைத்துவிட்டால், அதே வருமானத்துக்கு அவர் 7 கிலோமீற்றர் ஓடினால் போதும். மிச்சமாகும் 5 கிலோமீற்றரின் பயனைப் பயணி, சாரதி, நிறுவனம் ஆகிய மூவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். கட்டணம் குறைந்தமைக்கான காரணம் இதுவேயன்றிச் சாரதிகளின் தாராள மனம் அல்ல. அந்தப் பங்கீடு நீதியாக நடைபெறுகின்றதா என்பதே இன்று எழுந்துள்ள சர்ச்சைகள் அனைத்துக்கும் மூலமாகும்.

இந்தச் சிக்கனத்தின் பெறுமதியை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவானது. தொடர்ந்து அறிமுகமான கியூஆர் முறையின் கீழ் முச்சக்கர வண்டிக்கு வாரமொன்றுக்கு 5 லீற்றர் மாத்திரமே ஆரம்பத்தில் வழங்கப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் எனக் கொண்டாலும் வாரம் முழுவதற்கும் 125 கிலோமீற்றரே. அதில் பாதியை வெறுமையாக ஓடி வீணடிக்கும் வசதி எந்தச் சாரதிக்கும் இருக்கவில்லை.

யாருக்கு எட்டியது?

போக்குவரத்து வசதி என்பது வாகனங்களின் தொகையை மட்டும் குறிப்பதல்ல. அவை யாருக்கு எட்டுகின்றன என்பதே முக்கியமாகும்.

முதலாவதாக மொழி. தமிழ் பேசும் மக்களுக்கு இந்த மாற்றத்தின் பெறுமதி தனியானது. செல்லுமிடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, கட்டணமும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அரைகுறைச் சிங்களத்தில் வழி சொல்லி அவதிப்பட வேண்டிய தேவை பெருமளவில் நீங்கிவிடுகின்றது. பேச்சில் வெளிப்படும் மொழியை வைத்துக் கட்டணம் நிர்ணயிக்கப்படும் வாய்ப்பும் அற்றுப்போகின்றது. அரசகரும மொழிச் சட்டங்கள் பல ஆண்டுகளாகச் சாதிக்கத் தவறிய ஒன்றை, ஒரு சிறிய எல்லைக்குள்ளாவது, ஒரு வரைபடம் சாதித்திருக்கின்றது. ஆயினும் தகராறு ஏற்படும்போது மொழி மீண்டும் குறுக்கே நிற்கின்றது. முறைப்பாட்டுப் பிரிவிலும் சாரதிகளுடனான ஒப்பந்தங்களிலும் தமிழுக்கு முழுமையான இடம் வழங்குவது, வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் வர்த்தகம் செய்ய விரும்பும் எந்தவொரு நிறுவனத்தினதும் கடமையாகும்.

இரண்டாவதாகப் பெண்கள். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், இலங்கைப் பெண்களில் 90 வீதமானோர் பஸ்களிலும் புகையிரதங்களிலும் ஒரு தடவையேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானமை தெரியவந்தது. அவர்களுள் பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 வீதத்தினர் மட்டுமே. மாலை வகுப்பு, இரவு நேரக் கடமை என்பவற்றுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதன் பின்னணி இதுவாகும். பயணம் செய்யும் வண்டியின் இலக்கத்தையும் அது சென்றுகொண்டிருக்கும் பாதையையும் வீட்டிலுள்ளவர்கள் அறிந்திருக்க முடிவதால் அத்தயக்கம் ஓரளவு குறைந்துள்ளது. எனினும் இதைக் கொண்டு பஸ்ஸில் நிலவும் அவலத்துக்குத் தீர்வு கிடைத்துவிட்டதாகக் கருதலாகாது. முச்சக்கர வண்டிக்குச் செலவிட வசதியுள்ள பெண் தப்பித்துக்கொள்கின்றாள். ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண் இன்னமும் அதே பஸ்ஸின் மிதிபலகையில்தான் நிற்கின்றாள். சாரதி ஆசனத்தில் பெண்களைக் காண்பதும் இன்றுவரை அரிதாகவே உள்ளது.

மூன்றாவதாக மாற்றுத்திறனாளிகளும் முதியோரும். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதேனும் ஒரு வகை இயலாமையுடன் வாழ்கின்றனர். பொதுக் கட்டடங்களையும் சேவைகளையும் அவர்கள் அணுகத்தக்கதாக அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டிலேயே பிறப்பிக்கப்பட்டன. ஆயினும் எமது பஸ்களின் உயரமான படிகள் அப்படியே இருக்கின்றன. வாசலுக்கே வரும் தாழ்வான முச்சக்கர வண்டி அவர்களுக்குப் பேருதவியாகும். பேசவோ கேட்கவோ இயலாத ஒருவர் எவரது துணையுமின்றி வண்டியை அழைக்க முடிவதும் சிறிய விடயமல்ல. ஆனால் சக்கர நாற்காலியுடனேயே ஏறத்தக்க வண்டிகளை வீதியில் காண்பது அரிது. நவீன தொலைபேசியைக் கையாளத் தெரியாத முதியவர்களும் இந்தப் புரட்சிக்கு வெளியே நிற்கின்றனர். சாதாரண தொலைபேசி அழைப்பிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் வண்டியைப் பெறும் வசதியை விரிவுபடுத்துவதற்குப் பாரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

தரிப்பிடத்தின் நியாயம்

கொழும்புக்கு வெளியே இச்சேவைகள் பரவியபோது, சுற்றுலாப் பயணிகள் கூடும் நகரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் தரிப்பிடச் சாரதிகளுக்கும் செயலிச் சாரதிகளுக்கும் இடையே முறுகல்கள் தோன்றின. செயலி மூலம் அழைக்கப்பட்ட வண்டிகள் வழிமறிக்கப்பட்ட சம்பவங்களும் உண்டு. வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. தான் விரும்பிய வண்டியில் ஏறுவது பயணியின் உரிமையாகும்.

அதேவேளை, தரிப்பிடச் சாரதிகளின் தரப்பிலுள்ள நியாயத்தையும் செவிமடுத்தல் வேண்டும். குத்தகைக்கு வண்டி எடுத்து, சங்கத்தில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஒரு சந்தியில் நின்று தொழில் செய்தவர்கள் அவர்கள். நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பவரும், கையில் காசில்லாதபோது "பிறகு தாருங்கள்" என்று சொல்பவரும், அயலிலுள்ள பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து பத்திரமாக அழைத்து வருபவரும் அந்தச் சந்திச் சாரதியே. இந்த நம்பிக்கையை எந்தக் கணினியும் கணக்கில் எடுப்பதில்லை. மறுபுறம், அறிமுகமற்ற பயணியிடம் இரட்டிப்புக் கட்டணம் கேட்டு, மீற்றர் பொருத்துவதையும் தவிர்த்துவந்த பழக்கமே மக்களைச் செயலியின் பக்கம் தள்ளியது என்பதைத் தரிப்பிடச் சங்கங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செயலியில் இணைந்த சாரதிகளின் நிலையும் முற்றிலும் மகிழ்ச்சிக்குரியதல்ல. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பங்கு தரகாகச் செல்கின்றது. கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனமே; கணக்கை இடைநிறுத்தும் அதிகாரமும் நிறுவனத்திடமே உள்ளது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் ஊழியர்களாகக் கொள்ளப்படாமல், சுயதொழில் புரியும் பங்காளர்களாகவே நடத்தப்படுகின்றனர். இதனால் 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஏனைய தனியார் துறை ஊழியர்களுக்கு உரித்தான ஊழியர் சேமலாப நிதி, அதாவது தொழில்கொள்வோரின் 12 வீதப் பங்களிப்பு, இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதமும் இல்லை. முதுகு வளைய 25 ஆண்டுகள் வண்டியோட்டிய ஒருவருக்கு முதுமையில் எஞ்சுவது பழைய வண்டியும் முதுகு வலியுமே.

ஏனைய நாடுகள் இப்பிரச்சினையை வெவ்வேறு வழிகளில் அணுகுகின்றன. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஊபர் சாரதிகள் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் விடுமுறைக் கொடுப்பனவுக்கும் உரித்துடைய தொழிலாளர்களே எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டக்கோவை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய நிறுவனங்கள் தமது வருடாந்த வருவாயில் 1 முதல் 2 வீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என அது விதிக்கின்றது.

எமது நகரங்களுக்கு ஒரு வழி

உள்ளூர் முயற்சி என்பது கொழும்பில் ஆரம்பிக்கப்படும் ஒரு கம்பனியாக மட்டுமே இருக்க வேண்டும் என்றில்லை. இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் 2010 ஆம் ஆண்டில் கோஜெக் நிறுவனம் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை ஒரு தொலைபேசி அழைப்பு நிலையமும் சுமார் 20 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுமே. அழைப்பு நிலையத்துடன் தொடங்க முடியுமாயின், சாவகச்சேரியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் தொடங்க முடியாதென்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

இன்னும் கவனத்துக்குரியது பெங்களூரில் 2022 ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான நம்ம யாத்ரி என்ற சேவையாகும். அங்குள்ள ஓட்டோ சாரதிகளின் சங்கத்துடைய ஒத்துழைப்புடன் உருவான அச்செயலி, பயணத்துக்குப் பயணம் தரகு அறவிடுவதில்லை என்ற கொள்கையுடன் ஆரம்பித்தது. நாளொன்றுக்கு 25 இந்திய ரூபா என்ற சிறு கட்டணத்தைச் செலுத்தும் சாரதி, பயணி தரும் பணத்தை முழுமையாகத் தானே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதன் மென்பொருளும் எவரும் பார்வையிட்டுப் பயன்படுத்தத்தக்க வகையில் திறந்து வைக்கப்பட்டது. சாரதி சங்கமும் தொழில்நுட்பமும் எதிரிகளாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வுதாரணம் காட்டுகின்றது.

வடக்கிலும் கிழக்கிலும் கூட்டுறவு இயக்கத்துக்கு ஆழமான வேர்கள் உண்டு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் கடற்றொழிலாளர் சங்கங்களையும் போர்க்காலத்திலும் கட்டிக்காத்த சமூகங்கள் எமது சமூகங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா ஆகிய நகரங்களிலுள்ள முச்சக்கர வண்டிச் சங்கங்கள் ஒன்றிணைந்து, பல்கலைக்கழகங்களில் கணினிக் கல்வி பெற்று வெளியேறும் இளைஞர்களின் துணையுடன் தமக்கென ஒரு பொதுச் செயலியை நடத்துவது எட்டாக்கனி அல்ல. சந்திச் சாரதியின் நம்பகமும் முன்கூட்டியே தெரியும் நியாயமான கட்டணமும் ஒரே இடத்தில் கிடைக்குமாயின், வண்டிகளை வழிமறிக்க வேண்டிய தேவையே எழாது. ஆனால் இதற்கு முன்நிபந்தனை ஒன்றுண்டு. பயணியிடம் ஒரே கட்டணத்தை, ஆள் பார்க்காமல் அறவிடும் ஒழுக்கத்தைச் சங்கங்கள் தம் அங்கத்தவர்கள் மீது முதலில் விதிக்க வேண்டும்.

மின்சார முச்சக்கர வண்டிகளும் இத்தருணத்தில் நினைவுகூரத்தக்கவை. எரிபொருள் நெருக்கடியின் பின்னர் பெற்றோல் வண்டிகளை மின்சார வண்டிகளாக மாற்றும் முயற்சிகள் அரசாங்கத்தினதும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தினதும் ஆதரவுடன் ஆரம்பிக்கப்பட்டன. உள்ளூர்ப் பொறியியலாளர்களும் இத்துறையில் ஈடுபட்டு வருகின்றனர். மின்கலத்தின் விலையை ஒரே தடவையில் செலுத்தத் தனியொரு சாரதியால் இயலாது. சங்கமாகவோ கூட்டுறவாகவோ இணைந்தால் அச்சுமை இலகுவாகும்.

அரசாங்கம் செய்ய வேண்டியவையும் தெளிவானவை. செயலி வழிச் சேவைகளுக்கான சட்ட வரையறை, சாரதிகளுக்கான சமூகப் பாதுகாப்பு நிதி, கணக்கு இடைநிறுத்தப்பட்டால் மேன்முறையீடு செய்யும் உரிமை, மூன்று மொழிகளிலும் முறைப்பாட்டு வசதி ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இவற்றுக்கு மேலாக, பஸ் சேவையைச் சீர்செய்யும் பொறுப்பிலிருந்து அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. முச்சக்கர வண்டி பஸ்ஸுக்குத் துணையாக இருக்கலாமேயன்றி அதற்கு மாற்றாக முடியாது. எல்லோரும் முச்சக்கர வண்டியில் ஏறினால் வீதிகள் கொள்ளாது; எல்லோரிடமும் அதற்கான பணமும் இல்லை.

அதிகாலையில் கோட்டை நிலையத்தில் இறங்கும் அந்த நோயாளி இன்று பேரம் பேசாமல் மஹரகம செல்ல முடியுமாயின், அது உள்ளூர் முயற்சியாளர் ஒருவர் எமக்குத் தந்த நன்மையாகும். அவரை ஏற்றிச் செல்லும் சாரதிக்கு நோயுற்ற காலத்திலும் முதுமையிலும் ஒரு பாதுகாப்பை உறுதிசெய்வது அடுத்த கட்டமாகும். நிறுவனங்கள், சங்கங்கள், அரசாங்கம் ஆகிய மூன்று தரப்பினரும் இதைத் தத்தமது பொறுப்பாக ஏற்பார்களாயின், இந்த மாற்றம் வசதி படைத்தோருக்கு மட்டுமன்றி வண்டியை ஓட்டுவோருக்கும் உரியதாகும்.